செஞ்சோற்றுக் கடனும் சிங்கமுகனும்

ஓம் சரவணபவ.

சூரசம்ஹாரம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. சூரன் பொம்மைக்குத் தலையை மாத்தி மாத்தி வைப்பாங்க. யானைத் தலை வந்தா தாரகன், சிங்கத் தலை வந்தா சிங்கமுகன், கடைசியில சூரபத்மன். நாம போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுக்கிற அவசரத்துல, அந்தச் சிங்கத் தலைக்காரன் யாருன்னு யோசிக்கிறதே இல்லை. இந்த வாரம் அவனைப் பத்திப் பார்ப்போம். எது சரின்னு நல்லாத் தெரிஞ்சும் மனுஷன் ஏன் தப்பான பக்கம் போய் நிற்கிறான் என்ற கேள்விக்கு, கந்தபுராணத்துல இவனைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல்ல, அந்த அண்ணன் தம்பிகளுக்குப் புத்தி எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க. கச்சியப்ப சிவாச்சாரியார் காஞ்சிபுரம் குமரகோட்டத்துல அரங்கேற்றிய கந்தபுராணத்துல, அசுர காண்டத்துல ரெண்டு உபதேசம் வரும். அப்பா காசிப முனிவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அறவழியில நடங்க, தவம் செய்யுங்கன்னு சொல்றார். அவர் முடிச்சதும் அம்மா மாயை பேசறாள். செல்வமும் அதிகாரமும் இருந்தா மத்ததெல்லாம் தானா வரும், அதுக்காகச் சிவனை நோக்கித் தவம் செய்யுங்கன்னு சொல்றாள். கவனிச்சீங்களா? ரெண்டு பேருமே தவம் செய்யத்தான் சொன்னாங்க. எதுக்காக என்பதுலதான் வித்தியாசம். பிள்ளைகள் அம்மா பேச்சை எடுத்துக்கிட்டாங்க.

நமக்கும் இப்படித்தான். "என் கொள்கை"ன்னு நாம பெருமையா சொல்றதுல பாதி, வீட்டுல ஊட்டின சோறு மாதிரி யாரோ ஊட்டினது. தெருவுல கேட்டது, கூட்டாளி சொன்னது, வாட்ஸ்அப்புல வந்தது எல்லாம் அதுல கலந்திருக்கும். அதுல தப்பில்லை. ஆனா ஊட்டினது எதுக்காகன்னு வளர்ந்த பிறகாவது கேட்டுப் பார்க்கணும்.

சிங்கமுகன் கேட்டுப் பார்த்தவன். முருகனோட சேனை வந்து நிற்குது. சூரன் சபையைக் கூட்டி யோசனை கேட்கிறான். மத்தவங்க எல்லாம் வீரம் பேசறாங்க. சிங்கமுகன் மட்டும், "அண்ணா, சிறையில இருக்கிற தேவர்களை விட்டுடு. வந்திருக்கிறவரைச் சின்னப் பிள்ளைன்னு நினைக்காதே"ன்னு சொல்றான். எனக்கு அதைப் படிக்கும்போது, அன்னிக்கு அப்பா சொன்ன பாடம் இத்தனை காலம் கழிச்சு இவன் வாயில வருதுன்னு தோணும். சூரன் அவனைத் திட்டுறான். அதுக்கப்புறம் சிங்கமுகன் என்ன செய்தான்? அண்ணனுக்காகவே போருக்குப் போய் முருகன் கையால மாண்டான்.

இது செஞ்சோற்றுக் கடன். கும்பகர்ணனும் கர்ணனும் இப்படித்தான். நம்ம மனசு இவங்க பக்கம் உருகும். உருகறதும் நியாயம்தான், நன்றி மறக்காதவங்க ஆச்சே. ஆனா இந்தக் கதையை இன்னிக்கு வாழ்க்கையில வைக்கும்போதுதான் சிக்கல்.

வில்லியனூர்ல எங்க தெருவுல சஷ்டி ஆறு நாளும் கதை சொல்றது வழக்கம். ஒரு நாள் கதை முடிஞ்சதும் பாகூர் பக்கத்துத் தம்பி ஒருத்தன் தனியா வந்து கேட்டான். "அண்ணா, அப்பா இல்லாத என்னை சித்தப்பாதான் காலேஜ் படிக்க வெச்சார். இப்போ அவர் கழனி ஓரமா இருந்த வாய்க்காலைத் தூத்து நிலத்தோட சேர்த்துட்டார். கீழ்க்கழனிக்காரங்களுக்குத் தண்ணி போகலை. அளக்க வர்றப்போ, அங்க வாய்க்காலே இருந்ததில்லைன்னு நான் சாட்சி சொல்லணுமாம். அவர் போட்ட சோத்துக்கு நான் இதைக்கூடச் செய்யலைன்னா எப்படிண்ணா?"

பாகூர் ஏரித் தண்ணியை நம்பி நடவு நடுற ஊர்களுக்கு வாய்க்கால்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு பாகூருக்குப் பேர் வந்ததே அந்தத் தண்ணியாலதான்.

நான் அவன்கிட்ட சிங்கமுகனையே திரும்பக் காட்டினேன். அவன் அண்ணனுக்குக் கொடுத்தது தன் உயிரை. அது அவனோடது, கொடுக்கலாம். ஆனா அவன் அந்தப் பக்கம் நின்னதால, இந்திரன் மகன் சயந்தனும் மத்த தேவர்களும் சிறையிலயே கிடந்தாங்களே, அது யாரோடது? அதைக் கொடுக்க இவனுக்கு என்ன உரிமை? நன்றிக்கடன் நம்ம கடன். நம்ம கையில இருக்கிறதை வெச்சுத்தான் அடைக்கணும். அடுத்தவன் கழனித் தண்ணியை எடுத்து அடைக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு உடம்பு முடியலைன்னா ராத்திரி பகலா கூட இரு, சம்பாதிச்சு அவருக்குக் கொடு. பொய்ச் சாட்சி மட்டும் உன்னோட சொத்து இல்லை.

அப்படின்னா சித்தப்பாவை விரோதியாப் பார்க்கணுமா? அதுவும் இல்லை. முருகன் என்ன செய்தார்னு பாருங்க. கையில வேல் இருந்தும், முதல்ல வீரவாகு தேவரைத் தூது அனுப்பினார். திருந்த வாய்ப்புக் கொடுத்தார். சூரன் மறுத்த பிறகுதான் அவன்மேல வேல் கிளம்பிச்சு. அப்பவும் அவனை ஒழிச்சுக் கட்டலை, மயிலாவும் சேவலாவும் தன்கூடவே வெச்சுக்கிட்டார். நம்ம பக்கத்துல இருக்கிற மயிலத்துல, சூரனே தவம் இருந்து மயில் வாகனமானான்னு தலபுராணம் சொல்லுது. குற்றத்தை விடமாட்டார், ஆளைக் கைவிடமாட்டார்.

அந்தத் தம்பி ஊரைக் கூட்டலை. சித்தப்பாகிட்ட நேராப் போய், "நான் பொய் சொல்ல மாட்டேன், நீங்களே வாய்க்காலைத் திறந்துடுங்க"ன்னு சொன்னான். அவர் இன்னும் அவன்கூடப் பேசறதில்லை. வாய்க்காலும் பாதிதான் திறந்திருக்கு. ஆனா அவன் மாசாமாசம் சம்பளத்துல ஒரு பங்கை சித்திகிட்ட கொடுத்துட்டு வர்றான். அதுதான் அவன் கடனை அடைக்கிற வழி.

எல்லாத்துக்கும் இவ்வளவு பெரிய சோதனை வராது. ஓட்டுக்குக் காசு வாங்கிட்டு "வாங்கினதுக்கு விசுவாசமா இருக்கணும்"னு பேசுவாங்க. கூட்டாளி தப்பு செய்தா "நண்பனை விட்டுக்கொடுக்காதே"ன்னு சொல்வாங்க. எங்க சாதி, எங்க ஊர், எங்க ஆளுன்னு வரும். அப்போ ரெண்டு கேள்வி கேட்டுக்குங்க. இந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தது யாரு, எதுக்காக? நான் எடுக்கிற முடிவுக்கு விலை கொடுக்கப் போறது நானா, இல்லை இங்க இல்லாத வேற ஒருத்தரா? ரெண்டாவது கேள்விக்கு "வேற ஒருத்தர்"னு பதில் வந்தா, அது எவ்வளவு அழகான விசுவாசமா இருந்தாலும் நில்லுங்க.

இன்னிக்கு ராத்திரி விளக்கு முன்னாடி "ஓம் சரவணபவ" சொல்லி முடிச்சதும், நீங்க யார்கிட்ட கடன்பட்டிருக்கீங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. உங்க சொந்தக் கையாலயே அதை அடைக்கிற பலத்தை அப்பன்கிட்ட கேளுங்க.

வேலும் மயிலும் துணை.