இளமையில் படும் துன்பமும் பிற்காலத்து நோயும்

ஸ்ரீரங்கத் தீவில் வாழை பயிரிடும் நம் அங்கத்தினர்கள் ஒன்றை நன்கறிவர். தாரில் எத்தனை சீப்புகள் அமையும் என்பது, தார் வெளியே தோன்றுமுன்பே மரத்தினுள் முடிவாகிவிடுகிறது. அப்பருவத்தில் நீர் தவறினால் பின்னர் எவ்வளவு பாய்ச்சினும் குறை நீங்குவதில்லை. மனித உடலிலும் இளமையில் நேர்ந்த துன்பம் நெடுங்காலம் நிற்கிறது என்பதை மருத்துவ ஆராய்ச்சி காட்டியுள்ளது.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மருத்துவர்கள் வின்சென்ட் பெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் நடத்திய ஆராய்ச்சி 1998-இல் வெளிவந்தது. அடி, வசை, பாலியல் கொடுமை, தாய் அடிபடக் காணுதல், வீட்டாரின் குடி, மனநோய், சிறைவாசம் ஆகிய ஏழு வகைத் துன்பங்களில் எவற்றைச் சிறுவயதில் அனுபவித்தனர் என 9,000-க்கு மேற்பட்டோரை வினவினர். நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தோர்க்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நேரும் அபாயம், ஏதும் அனுபவியாதோரைவிட 4 முதல் 12 மடங்கு மிகுந்திருந்தது. இருதய நோயும் ஈரல் நோயும்கூடத் துன்பங்களின் எண்ணிக்கையோடு பெருகக் கண்டனர்.

காரணம் யாது? அச்சம் தோன்றும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் இரத்தத்தில் சில சுரப்புநீர்களைக் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. ஆபத்து நீங்கியதும் இது அடங்கவேண்டும். நாள்தோறும் அஞ்சி வாழும் குழந்தைக்கு அடங்குவதில்லை. உறக்கமும் படிப்பும் கெடுகின்றன. வளர்ந்தபின் மனவேதனையை மறக்கப் புகையிலையையும் மதுவையும் நாடுவோர் பலர்.

இளமைத் துன்பங்களுள் பசியும் ஒன்று. அதனை நீக்கும் சத்துணவுத் திட்டத்தை முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் 1982 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கியது நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். பசியைப் பள்ளிக்கூடம் ஆற்றலாம்; வீட்டிலுள்ள அச்சத்தை வீட்டாரே நீக்கவேண்டும். உறையூரில் தறி வீட்டினுள்ளேயே இருப்பதால், கூலி தாமதித்த நாளின் சினமும் சச்சரவும் குழந்தையின் செவிக்கு எட்டாமல் இரா என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை சில:

1. பிள்ளையை அடித்துத் திருத்த முயலாதீர். தவற்றைச் சொல்லிப் புரியவையுங்கள்.

2. உணவுக்கும் உறக்கத்திற்கும் ஒழுங்கான நேரம் வகுத்து, ஒரு வேளையாவது கூடியமர்ந்து உண்ணுங்கள்.

3. பாட்டியோ, அத்தையோ, தாய்மாமனோ, பிள்ளை அஞ்சாமல் மனம் திறந்து பேச ஒரு பெரியவர் இருக்கட்டும். துன்பத்தின் கடுமையைத் தணிப்பதில் இதற்கு இணையான துணை இல்லை.

4. குடியும் தாயின் மனச்சோர்வும் மருத்துவத்தால் தணிக்கக்கூடியவை. வெட்கத்தால் மறைக்காதீர்.

5. அக்கம்பக்கத்தில் ஒரு குழந்தை கொடுமைக்குள்ளானால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

இளமையில் துன்புற்றோர் யாவரும் நோயுறுவர் என்பது இதன் பொருளன்று. வாழைக்கில்லாத ஒரு பேறு மனிதனுக்குண்டு. காலம் கடந்தபின் கிடைக்கும் அன்பும் அவனுக்குப் பயன்படுகிறது. பாவில் அறுந்த இழையைக் கண்டவுடன் முடிந்து நெய்பவர் நம் நெசவாளர். அவ்வளவு கவனத்தை நம் பிள்ளைகளிடமும் செலுத்துவோமாக.