காற்றைக் கட்டிய கயிறு

மூட்டை கட்டவும், வலை பின்னவும், படகைக் கரையில் பிணைக்கவும் முடிச்சு தேவைப்படுகிறது. கட்டியதை விடாமல் பிடித்துக்கொள்ளும் அதன் ஆற்றலைக் கண்ட மக்கள், கண்ணுக்குப் புலப்படாதவற்றையும் முடிச்சுக்குள் அடக்கலாம் என்று நம்பினர். தீமிதித் திருவிழாவில் நேர்த்திக்கடன் செலுத்தும் பக்தர்கள் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்கின்றனர். ஐரோப்பாவின் சில பகுதிகளிலோ, பிரசவம் எளிதாக நடைபெற வேண்டி வீட்டிலுள்ள முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துவிடுவது வழக்கமாக இருந்தது. கட்டினால் காவல், அவிழ்த்தால் விடுதலை. முடிச்சைப் பற்றிய நம்பிக்கைகள் பலவும் இவ்விரண்டினுள் அடங்கும்.

அவற்றுள் மிகவும் வியப்பூட்டுவது, வட ஐரோப்பிய மாலுமிகளிடையே நிலவிய காற்று முடிச்சாகும். பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் காற்றில்லையேல் பயணமில்லை. காற்று சாதகமாக வீசாவிட்டால் கப்பல்கள் துறைமுகத்திலேயே நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. நடுக்கடலில் காற்று நின்றுவிட்டாலோ உணவும் குடிநீரும் குறைந்துகொண்டே வந்தன. இத்தகைய நிலையில், காற்றை விலைக்கு விற்பவர்களை மாலுமிகள் நாடினர்.

சுவீடன் நாட்டு அறிஞர் ஒலாவுஸ் மாக்னுஸ், வடநாட்டு மக்களைப் பற்றி எழுதி 1555ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தைக் குறிப்பிட்டுள்ளார். காற்று விற்பவர் மூன்று முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கொடுத்துப் பணம் பெறுவார். முதல் முடிச்சை அவிழ்த்தால் இளங்காற்று வீசும். இரண்டாவதை அவிழ்த்தால் காற்று வலுக்கும். மூன்றாவதை அவிழ்த்தாலோ கடும்புயல் எழும். எனவே, மூன்றாவது முடிச்சு அவிழ்க்கக் கூடாத முடிச்சாயிற்று.

இந்நம்பிக்கை நெடுங்காலம் நீடித்ததன் காரணம் எளியது. காற்று என்றேனும் ஒருநாள் வீசத்தான் செய்யும். வீசியதும் முடிச்சே அதனைக் கொணர்ந்தது என்று மாலுமி மகிழ்வார். மூன்றாவது முடிச்சை அவிழ்க்க எவரும் துணியாததால், அதன் ஆற்றல் சோதிக்கப்படவே இல்லை. ஆயினும், கையிலிருந்த அந்தக் கயிறு, செய்வதறியாது காத்திருந்தவருக்கு மனத்துணிவை அளித்தது.

ஆனால், காற்றை வரவழைக்க முடிந்தவரால் புயலையும் ஏவ முடியும் என்ற எண்ணம் ஆபத்தானது. நார்வேயின் வடகிழக்கு முனையில் வார்டோ என்னும் சிறு தீவு உள்ளது. மீன்பிடித் தொழிலையே நம்பி அங்கு மக்கள் வாழ்ந்தனர். 1617ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், அக்கடற்பகுதியில் திடீரெனப் புயல் வீசியது. பத்துப் படகுகள் மூழ்கின. நாற்பது ஆடவர் மாண்டனர். தந்தையை, கணவனை, மகனை இழந்த குடும்பங்கள் துயரில் ஆழ்ந்தன.

சில ஆண்டுகளுக்குப் பின்னர், 1621ஆம் ஆண்டில், அப்புயலை எழுப்பியதாகப் பெண்கள் சிலர்மீது பழி சுமத்தப்பட்டது. மீன்பிடிக் கயிற்றில் மூன்று முறை முடிச்சிட்டு, அதன்மீது துப்பி, பின்னர் அவிழ்த்ததால் கடல் கொந்தளித்தது என்று விசாரணையில் வாக்குமூலம் பெறப்பட்டது. சந்தேகத்திற்குரியவரைத் தண்ணீரில் இறக்கி, மிதந்தால் குற்றவாளி என்று முடிவுகட்டும் சோதனையும் அங்கு நடந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்பர். இங்கே கயிற்றுக்கும் புயலுக்கும் முடிச்சுப் போட்டார்கள். அதன் விலை மனித உயிர்கள். சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் அவ்வட்டாரத்தில் 91 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

காற்றழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி உருவாக்கியது 1643ஆம் ஆண்டில்தான். காற்றழுத்த வேறுபாட்டால் காற்று வீசுகிறது என்னும் உண்மை படிப்படியாகவே தெளிவாயிற்று. அவ்வறிவு பரவுவதற்கு முன்னர், பேரிழப்புக்குக் காரணம் தேடியவர்களின் கண்ணில் பட்டவர்கள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த எளியவர்களே.

வார்டோ கடற்கரையில் 2011ஆம் ஆண்டில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. நீண்ட கூடம் ஒன்றில் 91 சிறு சன்னல்கள் உள்ளன. ஒவ்வொரு சன்னலிலும் ஒரு விளக்கு எரிகிறது. மணிக்கட்டில் கட்டும் காப்பும் மாலுமி வாங்கிய கயிறும் அவரவர் மனத்திற்கு உறுதி தந்தன. அதே நம்பிக்கை, பிறர்மீது பழி சுமத்தும் கருவியானபோது என்ன நேர்ந்தது என்பதை அவ்விளக்குகள் காட்டுகின்றன.