மழைக்கு யார் கூலி கொடுப்பது?



சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்ததுதான் 'சம்பளம்' என்று எங்கள் பள்ளித் தமிழையா அடிக்கடி சொல்வார். கூலம் என்றால் தானியம், அதிலிருந்து வந்ததே கூலி என்பார். 'சாலரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் லத்தீன் மொழியின் உப்பு இருக்கிறதாம். இந்தச் சொல்லாராய்ச்சியெல்லாம் எவ்வளவு சரி என்பதைத் தமிழ் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் மெக்கானிக்கல் பிரிவு. ஆனால் உப்பு வாருகிறவருக்குக் கூலி எப்படி வருகிறது என்பது எனக்குக் கொஞ்சம் நன்றாகவே தெரியும். என் அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். அக்கா ஆரோவில்லில் ஒரு பட்டறைக்குப் போகிறார். எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கூனிமேட்டுப் பக்கம்.

இறுதியாண்டில் தொழிலக மேலாண்மைப் பாடத்தில் 'ஊதிய முறைகள்' என்றொரு பகுதி வருகிறதே, பத்து மார்க் கேள்வி நிச்சயம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பகுதி, அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தேர்வுக்கும் உதவும், பயப்பட வேண்டாம்.

ஊதிய முறை அடிப்படையில் இரண்டே. வேலை செய்த நேரத்துக்குக் கூலி, அல்லது செய்து முடித்த அளவுக்குக் கூலி. மற்றவையெல்லாம் இந்த இரண்டையும் கலந்து செய்த கலவைகள். ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு 8 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். தொழிலாளி அதை 6 மணியில் முடித்துவிடுகிறார். நேரக் கூலி என்றால் அவருக்கு 360 ரூபாய். பீஸ் ரேட் என்றால் முழு வேலைக்கான 480 ரூபாய். 1891-இல் அமெரிக்காவில் ஹால்சி வெளியிட்ட முறைப்படி, மிச்சமான 2 மணி நேரத்தில் பாதிக்குப் போனஸ், ஆக 420. 1898-இல் கிளாஸ்கோவில் ரோவன் கொண்டுவந்த முறைப்படி, மிச்சமான நேரம் ஒதுக்கிய நேரத்தில் எத்தனை பங்கோ அத்தனை பங்கு போனஸ்; 2/8 × 360 = 90, ஆக 450.

ரோவன் முறைதான் தொழிலாளிக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே வேலையை அவர் 2 மணியில் முடித்தால் ஹால்சி முறையில் போனஸ் 180 ரூபாய். ரோவன் முறையில் அதே 90-தான். ஒதுக்கிய நேரத்தில் பாதிக்கும் மேல் மிச்சம் பிடித்தால் ரோவன் போனஸ் குறைய ஆரம்பித்துவிடும். ரொம்ப வேகமாகச் செய்கிறவனைப் பார்த்து, "நேரத்தைத் தப்பாக ஒதுக்கிவிட்டோமோ" என்று முதலாளி பயப்படுகிறார் அல்லவா, அந்தப் பயத்துக்குக் கண்டுபிடித்த மருந்து இது.

டெய்லரின் முறை இன்னும் கடுமை. 1895-இல் வந்தது. நிர்ணயித்த அளவை எட்டினால் உயர்ந்த ரேட், எட்டாவிட்டால் தாழ்ந்த ரேட். பீஸுக்கு 50 ரூபாய், நாளுக்கு 10 பீஸ் இலக்கு என்று கொள்வோம். எட்டியவருக்கு ரேட் 120 சதவீதம், எட்டாதவருக்கு 80 சதவீதம். 10 பீஸ் செய்தவருக்கு 600 ரூபாய். 9 பீஸ் செய்தவருக்கு 360. ஒரே ஒரு பீஸ் குறைந்ததற்கு 240 ரூபாய் நஷ்டம்! அந்த ஒன்பதாவது பீஸில் லேத் பெல்ட் அறுந்திருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம். சூத்திரத்துக்கு அது தெரியாது. இதே டெய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில், பெத்லஹேம் இரும்பாலையில் ஓர் ஆள் நாளுக்கு 12½ டன் இரும்பு சுமந்ததை 47½ டன்னாக உயர்த்தியதாக எழுதுகிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கூலியோ 60 சதவீதம் கூடுதல். இந்தக் கதையை அவர் கொஞ்சம் ஜோடித்துச் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். அது கிடக்கட்டும்.

இனி உப்பளத்துக்கு வருவோம். கடல்நீரில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 35 கிலோ உப்புகள். அதில் நாம் சாப்பிடும் உப்பு 27 கிலோ அளவுக்கு இருக்கும். உவர்நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்ட வைத்து, பாமே மானியில் 24, 25 டிகிரி வந்ததும் உப்புப் பாத்திக்குள் விடுகிறார்கள். அங்கே உப்பு பூக்கிறது. 30 டிகிரிக்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும். இத்தனைக்கும் எரிபொருள் வெயில்தான். ஜனவரியில் பாத்தி திருத்துவதில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் வரைதான் தொழில்.

பாத்தி திருத்துவது சாதாரண வேலை இல்லை. சேற்றை வெட்டி, மட்டம் பார்த்து, காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். அப்போதுதான் உப்பில் மண் ஏறாது. அம்மா வேலை செய்யும் இடத்தில் இதற்குத் தனிக் கூலி கிடையாது. வாரி, அம்பாரத்தில் கொட்டும் உப்புக்குத்தான் கூலி. திருத்துகிற வேலையும் அதற்குள் அடக்கம் என்பது பேச்சு. பீஸ் ரேட்டை அம்மா வெறுக்கிறவர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல சித்திரை வெயிலில் விடியுமுன் போய், வெயில் ஏறுவதற்குள் கணக்கை முடித்துக்கொண்டு வீடு வந்துவிடுவார். "யாரும் வாச்சப் பாத்துக்கினு தலமேல நிக்கமாட்டாங்கடா" என்பார். அந்தச் சுதந்திரம் அவருக்குப் பிடிக்கும்.

நான் இரண்டாமாண்டு படிக்கும்போது கோடையில் ஒரு ராத்திரி எதிர்பாராமல் மழை கொட்டியது. மறுநாள் வார வேண்டிய உப்பு அத்தனையும் பாத்தியிலேயே கரைந்துபோனது. திரும்ப நீர் விட்டு, திரும்பச் சுண்ட வைத்து, மறுபடி உப்பு காணப் பல நாள் ஆகும். செய்த வேலைக்குக் கூலி கேட்கப் போனவர்களிடம் மேஸ்திரி, "ஏம்மா, மழைக்கு நான் இன்னா பண்ணுவேன்? உப்பு எங்க, காட்டு" என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மழைக்கு அவரு இன்னா பண்ணுவாரு, நாயந்தான். நான் மட்டும் இன்னாடா பண்ணேன்?"

நண்பர்களே, ஹால்சி, ரோவன், டெய்லர் மூவரையும் படித்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. எந்த ஊதிய முறையும் இரண்டு விஷயங்களைப் பங்கு போடுகிறது. ஒன்று, மிச்சமான நேரத்தின் லாபம். இன்னொன்று, வேலை நடக்காமல் போன நாளின் நஷ்டம். நம் பாடநூல் முதல் பங்கீட்டுக்கு நாலு சூத்திரம் தருகிறது. இரண்டாவதைப் பற்றி, 'குறைந்தபட்ச நேரக் கூலி உத்தரவாதம் உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. நேர்மை இருக்கிறதா இல்லையா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஹால்சி, ரோவன் முறைகளில் அந்த உத்தரவாதம் உண்டு. வெறும் பீஸ் ரேட்டிலும் டெய்லரிடத்திலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இதற்கு விடை இருந்திருக்கிறது. குறைந்தபட்ச நேரக் கூலி மட்டும் நிர்ணயித்த தொழிலில், பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவருக்கும் அந்த நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். இப்போது அந்தச் சட்டம் 2019-இல் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில். இந்த விதி அதிலும் தொடர்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடுத்திருக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

வேலையே இல்லாத நாளுக்கு? 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் 'லே-ஆஃப்' நாளுக்குப் பாதிச் சம்பளம் என்று வைத்தது. படித்தவுடன் சந்தோஷப்பட்டேன். இன்னொரு பிரிவைப் படித்தேன்: பருவத் தொழில்களுக்கு இது பொருந்தாது. அதற்குப் பின் வந்த 2020 தொகுப்புச் சட்டத்திலும் அதே விலக்கு. மழையால் நிற்கும் தொழிலுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு தேவை. மழையால் நிற்கும் தொழில் என்பதாலேயே அதற்கு இல்லை! தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். நாளுக்கு 54 ரூபாய் சில்லறை. வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் அது கூலி அல்ல, உதவி. கூலி என்றால் உரிமையோடு கேட்கலாம்.

இன்னொரு வேடிக்கை. பலகை போட்டு உப்பு வாருவது ஆண் வேலை, கூடையில் சுமப்பது பெண் வேலை, ரேட்டும் வேறு. 1976-இல் வந்த சம ஊதியச் சட்டம் 'ஒரே மாதிரியான வேலைக்கு' ஒரே கூலி என்றது. வேலையைப் பிரித்துவிட்டால் கூலியையும் பிரித்துவிடலாம் போலும். 1957-இல் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு தேவை அடிப்படையில் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட வழி சொன்னது: ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று நுகர்வு அலகு, தலைக்கு 2,700 கலோரி, ஆண்டுக்கு 18 கஜம் துணி. அந்த மூன்று அலகை வழக்கமாக ஆண் 1, பெண் 0.8, குழந்தைகள் இருவருக்கும் 0.6 வீதம் என்று கூட்டுவார்கள். அம்மாவிடம் சொன்னேன். "கூட சொமக்கறவளுக்குப் பசி கம்மின்னு எவன்டா சொன்னான்?" என்றார். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் சொன்ன பிறகே இந்தக் கணக்கில் என்னைப் போன்றவனின் பாலிடெக்னிக் பீஸுக்கு இடம் வந்தது.

அம்மாவின் உப்பு கரைந்த அதே மழையில் அக்கா வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தார். மாதச் சம்பளம், பி.எஃப். பிடித்தம். மழை அவர் சம்பளத்தைத் தொடவில்லை. ஒரே வீடு, ஒரே மழை, இரண்டு கூலி.

ஆரோவில்லில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு 1968 பிப்ரவரி 28-இல் அந்நகரம் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1954-இல், பணம் அதிகாரம் செலுத்தாத, பிழைப்புக்காக அல்லாமல் வேலை செய்யும் ஓர் இடத்தை அன்னை கனவாக எழுதியிருந்தார். அதன்படி அங்கே குடியிருப்பவராகச் சேர்ந்து பொதுப்பணி செய்கிறவர்களுக்குக் கூலி என்ற பேச்சு இல்லை. 'பராமரிப்பு' என்று ஒரு தொகை, ரொக்கமாகக் கொஞ்சம், பொருளாகக் கொஞ்சம். என்ன வேலை என்று பார்த்து அது ஏறி இறங்குவதில்லை என்பதே கொள்கை. அதாவது உழைப்பையும் பிழைப்பையும் வெட்டிவிட்டுப் பார்க்கும் முயற்சி. ஆனால் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற கிராமங்களிலிருந்து தினமும் வரும் ஆயிரக்கணக்கானோர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். ஒரே பட்டறைக்குள் இரண்டு கணக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பராமரிப்புத் தொகையில் எங்கள் குடும்பம் ஓடாது, அக்கா அதைக் கேட்கவும் மாட்டார். மரக்காணத்திலிருந்து ஆரோவில் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குள் மூன்று வகையான கூலியையும் பார்த்துவிடலாம் என்பதற்காகச் சொன்னேன். எந்தப் பாடநூலிலும் இந்த வசதி இல்லை.

நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு இருக்கிறது. டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் அப்ரண்டிஸ்தான். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்லர். நமக்கு வருவது ஸ்டைபண்டு. மேலே சொன்ன சட்டங்களை நமக்காக நீட்ட முடியாது. அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்று, சூப்பர்வைசர் ஆனதும் கையில் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு நேரம் நிர்ணயிக்கப் போவது நாம்தான்.

போன மாசிமாத லீவில் நான் பிடித்துப் பார்த்தேன். அம்மா ஒரு கூடை சுமந்து கொட்டித் திரும்ப, இருபது நடையின் சராசரி 3 நிமிடம். ரேட்டிங் 100 என்று வைத்தேன். ஐ.எல்.ஓ. அட்டவணைப்படி பெண்ணுக்குச் சொந்தத் தேவைக்கு 7 சதவீதம், களைப்புக்கு 4, ஆக 3.33 நிமிடம். சுமை, வெப்பம், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருக்கிறது. உப்புநீரில் வெடித்த பாதத்துக்குக் கட்டம் தேடினேன், கிடைக்கவில்லை. உப்பின் வெண்மையில் கண் கூசி ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. "ஓட்டப்பந்தயமாடா வெக்கற?" என்று அம்மாவும் கூட இருந்த அக்காமார்களும் சிரித்துத் தீர்த்தார்கள்.

அடுத்த பேட்ச் மாணவர்கள் டைம் ஸ்டடி பயிற்சியை ஒர்க்ஷாப் லேத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு நாள் மரக்காணம் வரலாம். மாசியிலிருந்து ஆனி வரை நல்ல பருவம். விடிவதற்குள் அளத்தில் இருக்க வேண்டும். முதல் பஸ் பிடித்தால் நேரமாகிவிடும், முந்தின ராத்திரியே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கூழும் கருவாடும் அம்மா தருவார். பாத்திக்குள் செருப்போடு இறங்க விடமாட்டார்கள்.