கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லையா?

ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திடீரென அணைந்து, பவர் பட்டனை அழுத்தினாலும் இயங்க மறுக்கிறதா? கருகிய வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். வாடை இல்லையென்றால் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில்தான் நான் சோதிப்பேன். நீங்களும் செய்து பாருங்கள்.

1. பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகுங்கள். மின்சாரம் வந்தால், யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்து கம்ப்யூட்டரை நேரடியாக அதில் இணையுங்கள்.

2. பல மானிட்டர்களின் பவர் கேபிளும் கேபினெட்டின் கேபிளும் ஒரே வகைதான். சுவிட்சை அணைத்துவிட்டு, மாற்றிச் செருகிப் பாருங்கள். கேபினெட்டின் பின்புறம் சிறு சுவிட்ச் இருந்தால் அது ஆன் நிலையில் உள்ளதா என்றும் கவனியுங்கள்.

3. கேபிளையும் யு.எஸ்.பி. சாதனங்களையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 15 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபிளை மட்டும் செருகி இயக்குங்கள்.

இப்போதும் அசைவில்லையா? எஸ்.எம்.பி.எஸ். அல்லது மதர்போர்டு பழுதாகியிருக்கலாம். ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மெக்கானிக்கிடம் நீங்கள் செய்த சோதனைகளைச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். பவர் பழுதுக்கு அது தீர்வல்ல; உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.