செவ்விளக்கு ஏந்திய ஆழ்கடல் மீன்

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டச் செல்லும் வாசகர்களே! கண்ணுக்குக் கீழே விளக்கேந்தி இரைதேடும் மீன் ஒன்றை இம்மாதம் அறிந்துகொள்வோம்.

மலக்கோஸ்டியஸ் நைகர் என்பது அதன் அறிவியற்பெயர். டிராகன் மீன் குடும்பத்தைச் சேர்ந்த இக்கரிய மீன் ஒரு சாண் நீளமே வளரும். பெரும்பாலும் 500 மீட்டருக்கும் கீழான ஆழத்தில் வாழ்கின்றது. அங்குள்ள உயிர்களுள் மிகப்பல நீல ஒளியை மட்டுமே காணவல்லவை. இதன் விளக்கோ சிவப்பு! தன்மீது வெளிச்சம் விழுவதையே இரை அறியாது.

அச்செவ்வொளியை இம்மீன் எவ்வாறு காண்கின்றது? நம் ரப்பர் இலைக்கும் பசுமை தருகின்ற பச்சையத்திலிருந்து தோன்றிய பொருள் ஒன்று அதன் கண்ணில் இருப்பதை 1998இல் அறிஞர்கள் வெளியிட்டனர். மீனால் பச்சையத்தை உண்டாக்க இயலாது. அகன்ற தாடை இருந்தும் அது மிகுதியாக உண்பது கோபிபாட் என்னும் சிற்றுயிர்களையே. அவ்வுணவின் வழியாகவே அப்பொருள் கண்ணைச் சென்றடைவதாகக் கருதப்படுகின்றது.