நிறுக்குமுன் புடைத்தல்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்பர் நம் முன்னோர். இவற்றுள் எடுத்தலாவது தராசிலிட்டு நிறுத்தல். திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் சோளம் விளைவிக்கும் உழவர், தூற்றியும் புடைத்தும் பதர் நீக்கிய பின்னரே மூட்டையை நிறுப்பர். புடையாது நிறுப்பினும் தராசு பொய் கூறாது; ஆயினும் அது கூறுவது சோளத்தின் நிறையன்று. இக்காலத்து நுண்கருவியொன்றின் கருத்தும் இதுவேயாம்.

மூலக்கூறுகளை நிறுக்கும் தராசு ஒன்று உண்டு. அதனை நிறை நிறமாலைமானி என்பர். மூலக்கூறுகளுக்கு மின்னேற்றி, வெற்றிடத்திற் செலுத்தி, நிறைக்கும் மின்னேற்றத்திற்கும் உள்ள விகிதத்தால் அவற்றைப் பிரித்தறிவது அதன் தொழில். கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் என்பார் 1919-இல் இத்தகைய கருவியை அமைத்தார். பெரும்புரதங்களையும் சிதையாமல் மின்னேற்ற வழி கண்ட ஜான் பென், கோய்ச்சி தனக்கா என்னும் இருவரும் 2002-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர்.

நிற்க. இரத்தத்துளியை அவ்வாறே இக்கருவியில் இடலாகாது. அதிலுள்ள உப்பும் கொழுப்பும் நாம் தேடும் பொருளை மின்னேறவொட்டாது மறைத்துவிடும். ஆதலின் அணுக்களை நீக்கி, புரதத்தை டிரிப்ஸின் என்னும் நொதியால் துண்டாக்கி, உப்பைக் கழுவுதல் வேண்டும். துண்டாக்குதற்கு மட்டும் ஓரிரவு கழிவது ஆய்வுச்சாலை வழக்கம்.

இவ்வேலைகளைக் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ அமைத்த மயிரிழையனைய வாய்க்கால்களுள் முடிப்பதே நுண்பாய்மச் சில்லு. 1990-இல் ஆந்திரியாஸ் மான்ஸ் முதலியோர் இத்தகைய சிற்றாய்வுக்கருவியின் கருத்தை வெளியிட்டனர். இதன் விரைவுக்குக் காரணம் யாது? மூலக்கூறு பரவிச் செல்லும் காலம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வாய்க்காலின் அகலம் பத்திலொன்றாயின், காலம் நூறிலொன்றாகும். சுவரில் நொதியைப் பதித்து வைப்பின், ஓரிரவின் வேலை சில நிமிடங்களில் முடிதலும் கூடும். குறையும் உண்டு: அரிய புரதம் சுவரில் ஒட்டிப்போகலாம், சிறு காற்றுக்குமிழியும் வழியை அடைக்கும்.

காகிதமும் இத்தகைய சில்லாகும். அதன் நார்களின் இடைவெளிகளே வாய்க்கால்கள். அமெரிக்காவின் பர்டூ சர்வகலாசாலையார் 2010-இல், முக்கோணக் காகிதத்தில் இட்ட இரத்தத்துளியை ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தால் நுனியிலிருந்து தெளித்து நிறுத்துக் காட்டினர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப் குழுவினர், பர்டூவின் கூக்ஸ் என்பாருடன் கூடி, காகிதத்திற் கரிநுண்குழாய்களை ஊட்டி, மூன்று வோல்ட்டே போதும் என 2014-இல் நிறுவினர். இஃது இரண்டு டார்ச்லைட் பாட்டரிகளின் மின்னழுத்தமே.

இதனால் நமக்கு ஆவதென்ன? திண்டுக்கல்லிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. வெயிலிற் செல்லும் இரத்தம் வழியிலேயே கெடும். கெட்டதை எத்துணைப் பெரிய தராசும் திருத்தமாட்டாது. எடுத்த இடத்திலேயே தூய்மை செய்யும் சில்லு கைவருமாயின், சிற்றூர்க் குழவிக்குக் கிடைக்கும் விடையும் நகரத்துக் குழவிக்குக் கிடைப்பதுபோல் நம்பத்தக்கதாகும். இந்நீதியின் பொருட்டேனும் விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் இத்துறையிற் புகுவாராக. தமிழ் பயிலும் யாம் அதற்கேற்ற சொற்களைப் புடைத்தெடுத்து அவர் கையில் அளிப்போம்.