நெற்று முற்றட்டும்

கத்திரி முடிந்து ஆனி பிறந்ததும், வாடிய பூங்கொத்தையெல்லாம் வெட்டித் தோட்டத்தைச் சுத்தம் செய்யக் கை பரபரக்கும். நான் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் பக்கம் எங்கள் மணல் நிலத்தில் பூவும் நெற்றும் ஒன்றாக நிற்கிற காலம் இது. பூவை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தோட்டத்தின் பாதி அழகுதான் கிடைக்கிறது.

ஒவ்வொரு நெற்றுக்கும் ஒரு சுபாவம். மயிற்கொன்றை உச்சி வெயிலில் படீரென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். தோல் பழுப்பேறியதும் காலையிலேயே பறித்துவிடுங்கள். காசித்தும்பைக் காய் பச்சையாக இருக்கும்போதே விரல் பட்டால் தெறிக்கும். உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கிள்ள வேண்டும். அடீனியத்தில் மாட்டுக்கொம்பு மாதிரி இரட்டைக் காய் வரும். நிறம் மாறத் தொடங்கும்போதே நூலால் சுற்றிக் கட்டிவிடுவேன். விதையின் இரண்டு முனையிலும் பஞ்சு இருப்பதால், காய் பிளந்த அன்று கடற்காற்று ஒன்றைக்கூட மிச்சம் வைக்காது. எடுத்த விதையை உடனே ஊன்றுங்கள். நாளாக ஆக முளைப்பு குறையும்.

கொன்றைக்கு இந்த அவசரமெல்லாம் கிடையாது. சித்திரையில் பூத்தது காய்த்துக் கறுத்து முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். புதுச் சரங்களுக்கு நடுவே போன வருஷத்து நெற்று தொங்குவது அதனால்தான். தானாக வெடிக்காது. உடைத்து, பிசுபிசுக்கும் சதையைக் கழுவி, விதையை உப்புத்தாளில் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து நட வேண்டும். தேய்க்காமல் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வேலியோரப் பூவரசு மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவக்கும். அதன் காய் கடலில் மிதந்து போய் வேறொரு கரையில் முளைக்கக்கூடியது. உப்புக்காற்று அடிக்கும் நிலத்தில் முதலில் வைக்க வேண்டிய மரம் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

செங்கல்பட்டில் அக்கா வீட்டில் விதைக்குக் காகித உறையே போதும். கரையோரத்தில் ஈரக்காற்று பூஞ்சை பிடிக்க வைத்துவிடும். நிழலில் நன்றாகக் காயவைத்து, உறையோடு, உலர்ந்த சாம்பல் போட்ட கண்ணாடிப் புட்டியில் இறுக மூடுகிறேன். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்க்கும்.

தோட்டத்தில் வெறுமையாகத் தெரிகிற இடத்தையும் கொத்தாதீர்கள். நம் மாநில மலரான செங்காந்தள் கோடையில் மண்ணுக்கடியில் கிழங்காகத்தான் உறங்குகிறது; மழை விழுந்ததும் தளிர் விடும். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, குண்டுமணியும் அப்படித்தான். குழந்தைகள் விளையாடும் பக்கம் இரண்டையும் வைக்கவே கூடாது.